நிற்க வைத்துப் பார்த்த பிரஷர்

மயக்க மருத்துவத்துக்கு நான் வந்த எண்பதுகளில், அறுபதைத் தாண்டிய நோயாளி என்றால் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதுவோம். குடலிறக்கம், புராஸ்டேட், கண்புரை, பெரும்பாலும் இவற்றுக்குத்தான் அந்த வயதுக்காரர்கள் தியேட்டருக்கு வருவார்கள். இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகளைக் காலில் எடை கட்டிக் கட்டிலோடு கிடத்திவிடுவார்கள். இல்லையென்றால் குடும்பமே வேன் பிடித்துப் புத்தூர் கட்டுக்குப் போய்விடும். இன்று எண்பத்தைந்து வயதில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கிறார்கள். அறுபது வயதுக்காரரைக் கிழவர் என்று யாரும் சொல்வதில்லை.

நல்ல மருந்துகளும் மானிட்டர்களும் வந்ததுதான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பிறகு தனியார் தியேட்டர்களிலும் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், முதியவர்களைப் பற்றி எங்களுக்கு மிகத் தாமதமாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் வந்துவிடும். நாம் கேட்காமலே அவற்றை நடத்திக்கொண்டிருக்கும் தன்னியக்க நரம்புகளுக்கு ரிப்போர்ட் எதுவும் வருவதில்லை. மயக்க மருந்தும் கத்தியும் முதலில் கைவைப்பது அந்த நரம்புகளில்தான்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் உடனே அதைக் கண்டுகொள்ளும். பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்தை விரட்டும். எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் தன் பிடியைத் தளர்த்தும். இருபது வயதில் சில நொடிகளில் இதெல்லாம் முடிந்துவிடும். நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. எழுபதில் அந்த உணர்விகள் பதிந்திருக்கும் தமனிச் சுவரே விறைத்துப் போயிருக்கும். செய்தி மங்கலாகத்தான் போகும். போய்ச் சேர்ந்தாலும், அட்ரினலினுக்கு இதயம் காட்டும் வேகம் வயதோடு குறைந்திருக்கும்.

முதியவரின் பரிவு நரம்புகள் ஓய்ந்து கிடக்கின்றன என்று பயிற்சி மருத்துவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வே கிடையாது. சும்மா படுத்திருக்கும்போதே அவை இளைஞரிடம் இருப்பதைவிட அதிகமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. முழு மூச்சில் கமலை இழுக்கும் கிழட்டு மாடு அது. இன்னும் விரட்டினால் வேகம் கூடாது. கயிறு அறுந்தாலோ சால் அப்படியே கிணற்றுக்குள் போய்விடும். வார்டில் நர்ஸ் எழுதி வைக்கும் 150/80 அந்த இழுப்பில் நிற்கிற பிரஷர்.

ஈதர் காலத்தில் இது எங்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. நான் பயிற்சி எடுத்தபோதும் சில இடங்களில் ஈதர் புழக்கத்தில் இருந்தது. இ.எம்.ஓ. என்ற கருவி வழியாகக் காற்றோடு கலந்து கொடுப்போம். தியேட்டர் முழுக்க நெடி அடிக்கும், நோயாளி கண் விழிக்க நேரமாகும், விழித்ததும் வாந்தி எடுப்பார். ஆனால் அது பரிவு நரம்புகளைத் தூண்டிவிடும் மருந்து. பிரஷர் தாங்கி நிற்கும். மானிட்டர் என்று ஒன்றும் இல்லாமல், ஒரு விரலை நாடியில் வைத்துக்கொண்டு, மார்பில் ஒட்டிய ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அத்தனை பேருக்கு மயக்கம் கொடுக்க முடிந்ததற்கு ஈதரின் இந்தக் குணம் ஒரு பெரிய காரணம்.

ஹாலோத்தேன் வந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. நெடி இல்லை, நோயாளி சீக்கிரம் தூங்குவார். ஆனால் நாடி மெதுவாகும், பிரஷர் இறங்கும், இறங்கியதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சியையும் அந்த மருந்தே மழுக்கிவிடும். தொண்ணூறுகளில் புரோபோஃபால் கைக்கு வந்தபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இளைஞருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கொடுத்தால் பிரஷர் கொஞ்சம் இறங்கித் திரும்பும். அதே கணக்கை எண்பது வயதுக்காரருக்குப் போட்டால் பிரஷர் சரியும், நாடி மட்டும் எழுபதிலேயே நிற்கும். நாடி ஏறாமல் இருப்பதைப் பார்த்து ‘ஸ்டெடியா இருக்கார்’ என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பிரஷர் இறங்கியும் நாடி ஏறவில்லை என்றால், காப்பாற்ற வேண்டிய அனிச்சைச் செயல் வேலை செய்யவில்லை என்றுதான் பொருள்.

எங்கள் சீஃப் இதற்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். முதியவர்களுக்கு ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும். தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினால் இரண்டும் ஒன்றாகப் போய் இறங்கும். “கொஞ்சம் போட்டுட்டுக் கடிகாரத்தப் பாரும்மா, அப்புறம் பெரியவர் முகத்தப் பாரு. சிரிஞ்சப் பாக்காத” என்பார். நாற்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் வீதம் மயக்க வாயுவின் தேவை குறைகிறது என்ற கணக்கெல்லாம் பிறகுதான் நான் படித்தேன். அவர் முகத்தைப் பார்த்தே அந்த அளவைப் பிடித்திருந்தார்.

“முதுகுல ஊசி போட்டா ஆபத்தில்லையில்ல டாக்டரம்மா?” முதியவர்களின் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சர்ஜன்கள்கூட, “வயசானவர், ஸ்பைனலே போட்டுடுங்க மேடம், சேஃப்” என்பார்கள். இடுப்புக்குக் கீழேதானே மரத்துப் போகிறது, மூளைக்கும் இதயத்துக்கும் என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம். பரிவு நரம்புகள் மார்பின் முதல் முள்ளெலும்பு மட்டத்திலிருந்து இடுப்பின் இரண்டாவது மட்டம் வரைதான் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. தொப்புள் வரை மரத்தால், பரிவு நரம்புகள் அதற்கும் குறைந்தது இரண்டு மட்டம் மேலே வரை அடைபட்டிருக்கும். மரப்பு மார்புக் காம்பு வரை ஏறிவிட்டால் இதயத்தை விரட்டும் இழைகளும் சேர்ந்து அடைபடும். வயதானவர்களுக்கு அதே அளவு மருந்து இன்னும் மேலே ஏறும். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டார். அன்று முதல் இன்றுவரை அதன் பெரிய பலமும் பெரிய ஆபத்தும் அந்த அடைப்பிலேயே இருக்கின்றன.

புராஸ்டேட்டுக்கு வந்த ஒரு விவசாயியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுபதுக்கு மேல் வயது, வயலில் இன்னும் வேலை பார்ப்பவர், உறுதியான உடம்பு. ஊசி போட்டுப் படுக்க வைத்தோம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தன் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கொட்டாவி விட்டார். இன்னொரு கொட்டாவி. “குமட்டுது தாயி” என்றார். பிரஷர் கருவி இன்னும் காற்று நிரப்பிக்கொண்டிருந்தது. அது எண்ணைக் காட்டுவதற்கு முன்பே மூளைக்கு ரத்தம் குறைவதை அந்தக் கொட்டாவி சொல்லிவிட்டது. காலை உயர்த்தி மெஃபென்டர்மின் கொடுத்ததும் ஓரிரு நிமிடத்தில் கிணற்றுக் கதையைத் தொடர்ந்தார். ஸ்பைனல் போட்ட முதியவரை உடனே தூங்க வைத்துவிட வேண்டாம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். பேசிக்கொண்டிருக்கும் நோயாளியைவிட நல்ல மானிட்டர் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

அதே புராஸ்டேட் தியேட்டரில் இன்னொரு ஆபத்தான நேரம் இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று சர்ஜன் கையுறையைக் கழற்றும் நேரம் அது. அதுவரை தூக்கிக் கட்டியிருந்த கால்கள் இரண்டையும் உதவியாளர்கள் ஒரே சமயத்தில் இறக்கிவிடுவார்கள். தளர்ந்து கிடக்கும் கால் நாளங்களுக்குள் ரத்தம் ஓடிப்போகும். இளைஞருக்கு மேல் உடம்பின் குழாய்கள் சுருங்கி ஈடுகட்டிவிடும், முதியவருக்கு அந்த வசதி குறைவு. ஒவ்வொரு காலாக இறக்கு, நடுவில் பிரஷர் பார் என்று எங்கள் தியேட்டர் உதவியாளர்களைப் பழக்கினோம். எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

அந்தக் காலத்தில் ஸ்பைனலுக்கு முன் ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டை மளமளவென்று ஏற்றிவிடுவது சட்டம் மாதிரி. தொட்டி நிரம்பியிருந்தால் பிரஷர் இறங்காது என்ற நம்பிக்கை. முதியவர்களிடம் அது எதிர்பார்த்த பலன் தரவில்லை என்று தொண்ணூறுகளில் ஆய்வுகள் வந்தன. நாங்களும் கண்ணால் பார்த்தோம். ஏற்றிய பிறகும் பிரஷர் இறங்கியது. ஊசியின் வேகம் தணிந்து குழாய்கள் திரும்பச் சுருங்கும்போது, அந்த ஒரு லிட்டரும் விறைத்த இதயத்தின் மேல் பாரமாக விழுந்து சிலருக்கு மூச்சு இரைத்தது. குறைந்தது நீரல்ல, குழாயின் இறுக்கம். அதைத் திருப்பிக் கொடுக்கும் மருந்தே தேவை. மெஃபென்டர்மினில் தொடங்கி, ஃபினைலெஃப்ரினுக்கு வந்து, இன்று நார்அட்ரினலினை நன்றாக நீர்க்கச் செய்து சிறு பம்பில் ஓடவிடுகிறோம். ஊசி மருந்தின் அளவையும் பாதியாகக் குறைத்து, துளி ஃபென்டனில் சேர்த்துக்கொள்கிறோம்.

ஆனால் மெஃபென்டர்மின் சிலருக்கு வேலையே செய்யாது. நான் சேர்ந்த புதிதில் முதியவர்கள் பலர் பிரஷருக்கு ரெசர்பின் கலந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுத்த மருந்து. அது நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்துவிடும். மெஃபென்டர்மினோ அந்தச் சேமிப்பை வெளியே தள்ளித்தான் பிரஷரை ஏற்றும். சேமிப்பே இல்லாதவரிடம் எதைத் தள்ளுவது? இரண்டு டோஸ் போட்டும் ஏறவில்லை என்றால், “என்ன மாத்திரை சாப்பிட்டார்னு பையனக் கேளு” என்று சீஃப் வெளியே ஆள் அனுப்புவார். மகன் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கசங்கிய அட்டையில் விடை இருக்கும். நேரடியாகக் குழாயில் வேலை செய்யும் மருந்துக்கு உடனே மாறுவோம்.

அதனால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாப் பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்துங்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பிரிஸ்-ராபர்ட்ஸும் அவருடைய சகாக்களும் 1971-இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்தப் பழக்கத்தை மாற்றின. கட்டுப்படாத பிரஷரோடு வருபவருக்கு, தொண்டைக்குள் குழாய் போடும் நேரத்தில் பரிவு நரம்புகள் பொங்கிப் பிரஷர் எகிறும், பிறகு மயக்கம் ஆழமானதும் அதே வேகத்தில் விழும் என்று அவர்கள் காட்டினார்கள். நிறுத்தாதே, தொடரு என்பது புதுப்பாடமாயிற்று. இன்று ‘ப்ரில்’, ‘சார்டன்’ என்று முடியும் மாத்திரைகள் வந்துவிட்டன. அவற்றை அன்று காலை சாப்பிட்டு வந்தால் சிலருக்கு விழுந்த பிரஷர் எளிதில் எழாது. அதனால் அவற்றை மட்டும் பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாக நிறுத்துகிறேன். ஆகவே பழைய கேள்வி அப்படியே நிற்கிறது: எந்த மாத்திரை, கடைசியாக எப்போது? கேஸ் ஷீட்டில் ‘ஹெச்.டி., ஆன் ட்ரீட்மெண்ட்’ என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புபவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பீட்டா பிளாக்கர் விஷயம் எங்களைப் பத்தாண்டு அலைக்கழித்தது. அறுவையின்போது பரிவு நரம்புகளின் கொந்தளிப்பை அடக்கினால் மாரடைப்பு குறையும் என்ற வாதம் கேட்க நன்றாக இருந்தது. 1996-இல் அமெரிக்காவில் 200 பேரிடம் அடெனோலால் கொடுத்துச் செய்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பலரும் தொடங்கினார்கள். 2008-இல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பல நாடுகளில் நடத்திய போய்ஸ் ஆய்வு வந்தது. மெட்டோபுரோலால் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்திருந்தது. பக்கவாதமும் மரணமும் கூடியிருந்தன. பிரஷர் விழுந்ததற்கு அதில் பெரிய பங்கு. முன்பே சாப்பிடுபவருக்கு நிறுத்தக் கூடாது, அறுவை நாளன்று புதிதாகத் தொடங்கவும் கூடாது என்ற இடத்தில் இப்போது நிற்கிறோம்.

நம் ஊரில் இந்தப் பேச்சைச் சர்க்கரை நோய் இல்லாமல் பேச முடியாது. பதினைந்து, இருபது வருடம் சர்க்கரையோடு வாழ்ந்தவருக்கு, கால் எரிச்சல் கொடுத்த அதே சேதம் உள்ளே இதயத்துக்கும் குடலுக்கும் போகும் நரம்புகளிலும் நடந்திருக்கும். மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாது. இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்ட இட்லி காலையில் அப்படியே வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டினி இருந்த மணிக்கணக்கை நம்பி அவர்களுக்கு மயக்கம் கொடுக்க முடியாது. இப்போது அல்ட்ராசவுண்டை வயிற்றில் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

இவர்களைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் யூயிங்கும் கிளார்க்கும் எழுபதுகளிலிருந்து சில எளிய சோதனைகளை உருவாக்கினார்கள். ஒரு இ.சி.ஜி., ஒரு பிரஷர் கருவி போதும் என்பதால் எனக்கு அவை உடனே பிடித்துப்போயின. நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். உள்ளிழுக்கும்போது நாடி ஏறும், வெளிவிடும்போது இறங்கும். வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் வேகஸ் நன்றாக இருக்கிறது, 10-க்கும் கீழே என்றால் சந்தேகம். ஆனால் இந்த எண் வயதோடு தானாகவே குறையும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் 8 வந்தால் அது நோயா, வயதா என்று அந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் எனக்கு மிகவும் பயன்பட்டது மற்றொரு சோதனை: நிற்க வைத்துப் பார்ப்பது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு பிரஷர், நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் குறித்துக்கொள்ள வேண்டும். கூடவே நாடியையும் எண்ண வேண்டும். பிரஷர் இறங்கி நாடி நன்றாக ஏறினால், தண்ணீர்ச் சத்துக் குறைவு, ரத்தசோகை போன்றவற்றைத் தேடலாம். பிரஷர் 30 இறங்கியும் நாடி ஐந்து, பத்துக்கூட ஏறவில்லை என்றால் நரம்புதான் கேட்கவில்லை. அந்த நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்பே பிரஷர் ஏற்றும் பம்ப்பைத் தயார் செய்துவிடுவேன். சர்க்கரையால் தன்னியக்க நரம்பு கெட்டவர்களுக்கு அறுவையின்போது இந்த மருந்துகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்பது எண்பதுகளின் கடைசியிலேயே கண் அறுவை நோயாளிகளிடம் காட்டப்பட்டது.

“படுத்திருக்கிற மனுசன எதுக்கு நிக்க வைக்கிறீங்க டாக்டரம்மா?” என்று வார்டு சிஸ்டர்கள் ஆரம்பத்தில் அலுத்துக்கொள்வார்கள். இரவுப் பணியில் ஒரு சிஸ்டர், ஒரு பெரியவரை நிற்க வைத்ததும் 160 என்று இருந்தது 110-க்கு வந்ததைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து நான் கேட்காமலே எல்லா முதியவர்களுக்கும் இரண்டு எண்களை எழுதி வைத்தார். அந்த வார்டில் மட்டும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நிற்கவே முடியாதவர்கள் உண்டு. இடுப்பு முறிந்து வரும் பாட்டிகள். கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்திருப்பார்கள். ஏன் விழுந்தார் என்று கேட்டால் “வழுக்கிருச்சு” என்பார்கள். துருவிக் கேட்டால், “எந்திரிச்சதும் கண்ண இருட்டுச்சு” என்று வரும். விழுந்ததற்கே அந்த நரம்புகள்தான் காரணமாக இருந்திருக்கலாம். அவற்றின் மேல்தான் நாம் இப்போது ஸ்பைனல் போடப் போகிறோம். கட்டுப் போட்டு இரண்டு வாரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் மோசம். சிறுநீர் கழிக்க வலிக்குமே என்று தண்ணீரையே குறைத்திருப்பார்கள்.

ஒரு அப்பத்தா அப்படி வந்தார். நாக்கு வறண்டிருந்தது, வலியில் பிரஷர் 190. முறிந்த காலைத் தொட்டாலே அலறினார். அவரை உட்கார வைத்தோ ஒருக்களிக்க வைத்தோ முதுகில் ஊசி போட வேண்டும் என்றால் அந்த 190 இன்னும் ஏறும். ஊசி போட்டதும் வலி நின்று, வலி பிடித்து வைத்திருந்த பிரஷரும் சேர்ந்து விழும். முதலில் தொடையின் மேற்பகுதியில் நரம்பு மரப்பு ஊசி ஒன்றைப் போட்டோம். அரை மணி நேரத்தில் அப்பத்தா, “இப்பத்தான்டி ஆத்தா உசுரு வந்துச்சு” என்று காலை லேசாக அசைத்தார். பிரஷர் 140-க்கு இறங்கியது. மெதுவாக ட்ரிப் ஏற்றி, மறுநாள் காலை குறைந்த அளவு ஸ்பைனலில் முடித்தோம். எலும்பு சிமெண்ட் வைக்கும் நேரத்தில் பிரஷர் ஒரு முறை தடுமாறும் என்பது தெரிந்ததே. சர்ஜன் முன்கூட்டியே சொன்னார், நாங்கள் தயாராக இருந்தோம்.

ஸ்பைனலா, முழு மயக்கமா என்ற பழைய சண்டைக்கு 2021-இல் ரீகெய்ன் ஆய்வு ஒரு பதில் தந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேர். அறுபதாம் நாளில் உயிரோடு இருப்பதிலோ நடப்பதிலோ ஸ்பைனல் மேலானது என்று காட்ட முடியவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. ஊசியின் பெயரைவிட, அது போடப்படுகிறவரின் நரம்புகளில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது, பிரஷர் விழுந்த நிமிடங்களை எவ்வளவு குறைத்தோம் என்பதே முக்கியம் என்றுதான் என் அனுபவமும் சொல்கிறது.

என்னைக் கோபப்படுத்தும் விஷயம் பட்டினி. ‘இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணிகூடக் கூடாது’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் லிஸ்டில் குழந்தைகள் முதலில், அவசர கேஸ் நடுவில், பெரியவர் கடைசியில். பிற்பகல் இரண்டு மணிக்கு மேசைக்கு வரும்போது பதினாறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்திருப்பார். தாகமே குறைந்துபோகிற வயது, கேட்கவும் மாட்டார். அவருடைய பரிவு நரம்புகள் அந்த வறட்சிக்கும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். இரைப்பை சரியாக இயங்குபவருக்கு இரண்டு மணி நேரம் முன்வரை தண்ணீரோ பால் சேர்க்காத கடுங்காப்பியோ கொடுக்கலாம் என்று விதி மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வார்டு வாசலைத் தாண்டி அந்த விதி உள்ளே வர இன்னும் போராட வேண்டியிருக்கிறது.

குளிர் பற்றியும் சொல்ல வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களின் உடம்பு, இளையவர்களைவிடச் சுமார் 1 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்த பிறகுதான் நடுங்கத் தொடங்கும். ஏசி தியேட்டரில் அசையாமல் கிடக்கும் பெரியவர் நடுங்கவில்லை என்பதால் அவருக்குக் குளிரவில்லை என்று எண்ணக் கூடாது. 1997-இல் 300 பேரிடம் நடந்த ஆய்வில், வெதுவெதுப்பாக வைத்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் இதயச் சிக்கல் வந்தது. வெப்பக் காற்றுப் போர்வை இல்லாத நாளில் கம்பளியும் சூடு செய்த ட்ரிப்பும் போதும்.

தியேட்டரோடு எங்கள் வேலை முடிந்தது என்று ஒரு காலத்தில் நினைத்தோம். இரவு அழைப்புகள்தான் அதை மாற்றின. “புராஸ்டேட் பெட் தாத்தா பேத்துறார் மேடம், கையக் கால ஒதறுறார், பிரஷர் 190” என்று போன் வரும். தூக்க ஊசி போடட்டுமா என்று இளம் டாக்டர் கேட்பார். போய் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல்லாக இருக்கும். டியூப் அடைத்துக்கொண்டு சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், அல்லது குடலிறக்கத்துக்கு ஸ்பைனல் போட்டவருக்கு உணர்வு திரும்பாமலே முக்கால் லிட்டர் சேர்ந்திருக்கும். சிறுநீர்ப்பையைச் சுருக்கும் எதிர்ப்பரிவு நரம்புகள் ஊசியிலிருந்து விழிக்கக் கால் அசைவதைவிட அதிக நேரம் எடுக்கும். அடைப்பை நீக்கியதும் தாத்தா பெருமூச்சு விட்டு, “யாரும்மா நீ?” என்று தெளிவாகக் கேட்பார். பிதற்றும் முதியவருக்கு முதலில் சிறுநீர்ப்பை, ஆக்சிஜன், சர்க்கரை, வலி. தூக்க ஊசி அதற்கெல்லாம் பிறகு.

மூளைக் குழப்பத்தில் எங்கள் மருந்துகளுக்கும் பங்கு உண்டு. 1955-லேயே பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மயக்கத்துக்குப் பிறகு முதியவர்களின் மனம் மாறிப்போவதைப் பற்றி எழுதினார். எங்கள் மருந்துகளில் அட்ரோபினைத்தான் நான் குறிப்பாகச் சொல்வேன். நாடி குறைந்ததும் கை தானாக அட்ரோபின் ஆம்பூலுக்குப் போகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அட்ரோபின் மூளைக்குள் நுழையும். கிளைகோபைரோலேட் நுழைவது மிகக் குறைவு. மேலும் வேகஸின் பிடி ஏற்கெனவே தளர்ந்துவிட்ட முதியவரிடம் அட்ரோபின் நாடியை இளைஞருக்கு ஏற்றுவது போல ஏற்றுவதும் இல்லை. அவசரத்தில் அட்ரோபினுக்கு ஈடில்லை. மற்ற நேரத்தில் என் தட்டில் கிளைகோபைரோலேட்தான்.

கடைசியாக எங்கள் கவனத்துக்கு வந்தது முதல் முறை எழுந்து நிற்கும் தருணம். மூட்டு மாற்றிய அன்று மாலையே நடக்க வைக்கும் காலம் வந்ததும், பிசியோதெரபிஸ்ட்கள் எங்களிடம் வந்தார்கள்: “மேடம், படுக்கையில 130 இருக்கு, நிக்க வச்சா வேர்த்துக் கொட்டுது, சாஞ்சுடுறார்.” ரத்தம் குறைந்திருக்கும் என்று ஏற்றிப் பார்த்தோம். சிலருக்குச் சரியானது, பலருக்கு ஆகவில்லை. டென்மார்க்கில் ஹென்ரிக் கெஹ்லெட்டின் குழு இதைத்தான் ஆராய்ந்திருந்தது. இடுப்பு மூட்டு மாற்றி ஆறு மணி நேரத்தில் நிற்க வைத்தபோது பத்தில் நான்கு பேருக்குத் தலை சுற்றியது அல்லது நிற்க முடியவில்லை. மறுநாளும் இரண்டு பேருக்கு அப்படியே. நிற்கும்போது குழாய்களை இறுக்க வேண்டிய அனிச்சைச் செயல் அறுவைக்குப் பிறகு மழுங்கிவிடுகிறது. ஊசி மருந்து உடலை விட்டுப் போன பிறகும் அது நீடிக்கிறது. அறுவையே உண்டாக்கும் அழற்சியும், மார்ஃபின் வகை மருந்துகளும், கெட்ட தூக்கமும் அதை நீட்டிக்கின்றன. பெரிய அறுவைக்குப் பின் நாடித் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் பழைய நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும்.

ஆகவே நிற்க வைக்கும் முறையை மாற்றினோம். முதலில் தலைப்பக்கம் உயர்த்திப் பத்து நிமிடம். பிறகு காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்துக் கெண்டைக்காலை ஆட்டச் சொல்வது. இரண்டு பக்கமும் ஆள், பின்னால் நாற்காலி. நின்றதும் ஒரு பிரஷர், மூன்றாம் நிமிடம் இன்னொன்று. 20-க்கு மேல் இறங்கினால் உட்கார வைத்துவிட்டு மாலையில் மறுபடி முயற்சி. நடக்க வைக்காமல் விடுவதும் தவறு. படுக்கையிலேயே கிடந்தால் அந்த அனிச்சைச் செயல் இன்னும் மங்கும்.

வீட்டுக்குப் போகும் நாளில்தான் இப்போது அதிக நேரம் செலவிடுகிறேன். வார்டில் நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் சீட்டில் பழையபடி ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. சாப்பாடு பாதியாகக் குறைந்த, ரத்தம் கொஞ்சம் இழந்த, நரம்பு இன்னும் மீளாத உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை. அதோடு புராஸ்டேட்டுக்குப் புதிதாக டாம்சுலோசின். நடு இரவு சிறுநீர் கழிக்க எழுந்தால் விழுவதற்கு வேறென்ன வேண்டும்? படுத்த பிரஷர், நின்ற பிரஷர் இரண்டையும் சீட்டின் மேலேயே எழுதுகிறேன். எந்த மாத்திரையை எந்த எண்ணுக்கு மேல் போனால் தொடங்க வேண்டும் என்று தமிழில் மகளுக்கோ மருமகளுக்கோ புரியும்படி குறிக்கிறேன். கட்டிலருகே சிறுநீர்ப் பாத்திரம் வைக்கச் சொல்கிறேன். ஒரு நகலை அவர்களுடைய ஊர் டாக்டரிடம் கொடுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றாம் வாரத்தில் அவர் முன்னால்தான் இந்தப் பெரியவர் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்த பிரஷர் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.